ரங்கூனுக்குப் பத்து மணி நேரம்

சென்னைப் பட்டணத்திலிருந்து ரங்கூனுக்கு ஆகாய வழியில் ஆயிரத்து நூறு மைல். மெதுவாகப் போகும் விமானம்கூடப் பத்து மணி நேரத்தில் போய்ச் சேரும். இது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம். நான் அந்த ஊருக்கு ஒரு தடவை கப்பலில் போனவன், அங்கிருந்து ஒரு தடவை காலால் வந்தவன். விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

என்னை ரங்கூனுக்கு அழைத்துப் போனவர் என் அக்காவின் புருஷன். மாமா என்று கூப்பிடுவேன். பாரிவாக்கத்தில் அவர்கள் நிலமுள்ள குடும்பம். நிலம் அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவில் இருந்தது. அண்ணன் வைத்ததுதான் சட்டம். கிணற்றுத் தண்ணீர் யாருக்கு எப்போது என்பதில் ஒரு நாள் வாய்ச்சண்டை முற்றி, தம்பி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரங்கூனுக்குக் கிளம்பிவிட்டார். நான் அப்போது ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பூந்தமல்லியில் வண்டிப்பேட்டையில் சுற்றிக்கொண்டிருந்தேன். "இவனையும் இட்டுகினு போறேன். இங்க கெடந்தா எவனாவது காலை ஒடச்சுடுவான்" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா என்னை அனுப்ப அழவில்லை, அவரை அனுப்பத்தான் அழுதாள். கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியிருந்தது, குழந்தை இல்லை.

கப்பலில் மேல்தட்டில் ஆடுகளோடு ஆடுகளாகப் படுத்துப் போனோம். ரங்கூனில் மாமா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். நான் ஆற்றுக்கு அக்கரையில் ஓர் அரிசி மில்லில் உமி அள்ளினேன். ஞாயிற்றுக்கிழமை படகில் வந்து அவரைப் பார்ப்பேன். அவருக்கு அங்கே இருக்கவும் பிடிக்கவில்லை, அண்ணன் முகத்தில் விழிக்கவும் பிடிக்கவில்லை. "அடுத்த வருசம் போவலாம்" என்று ஒவ்வொரு வருடமும் சொன்னார்.

பிறகு ஒரு மார்கழியில் ரங்கூன் மேல் ஜப்பான்காரன் குண்டு போட்டான். படகுக்காரர்கள் ஓடிப்போனதால் நான் ஆற்றைக் கடக்கவே இரண்டு நாள் ஆயிற்று. துறைமுகத்தில் அவர் இல்லை. அவர் இருந்த கிடங்கும் பாதிதான் இருந்தது. அவரோடு மூட்டை தூக்கிய ஒருவர், அவர் ஒரு கும்பலோடு இந்தியா பக்கம் போகும் ப்ரோம் ரோட்டில் நடக்க ஆரம்பித்துவிட்டார் என்றார். இன்னொருவர், குண்டு விழுந்த காலையில் அவரைக் கிடங்குக்குள் பார்த்ததாகச் சொன்னார். இரண்டும் நிஜமாக இருக்கலாம். பார்த்த பிறகு அவர் வெளியே வந்திருக்கலாம்.

நான் ப்ரோம் ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் தேடினேன். அந்த வழி அடைபட்டுவிட்டது என்றார்கள். அதனால் வடக்கே போகும் கூட்டத்தில் சேர்ந்தேன். நடந்ததைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நடந்தவர்கள் எல்லோருக்கும் அது ஒரே மாதிரிதான். காலரா வந்தவர்கள் உட்கார்ந்தார்கள், மற்றவர்கள் நடந்தோம். ஓர் இடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. தண்ணீரும் கூடாரமும் உள்ள பாதை துரைமார்களுக்கு, மற்றது எங்களுக்கு. தலைக்கு மேல் விமானம் போய்க்கொண்டிருந்தது. காலையில் மேற்கே போன விமானம் சாயங்காலத்துக்குள் திரும்பி வந்து, இன்னொரு தொகுதி ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். அந்தப் பகல் முழுவதும் நடந்து நாங்கள் ஒரு மலையின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு வந்திருப்போம். உள்ளே இருப்பவர்களுக்கு எங்களைத் தெரியுமா என்று ஒரு கிழவர் கேட்டார். தெரிந்து என்ன செய்யப் போகிறார்கள் என்றேன். அவர் மறுநாள் எழுந்திருக்கவில்லை.

நான் பாரிவாக்கம் வந்து சேர ஐந்து மாதம் ஆயிற்று. அக்கா வாசலில் வறட்டி தட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு, உடனே எனக்குப் பின்னால் பார்த்தாள்.

"இன்னாடா, நீ மட்டும் வர்ற? மாமா பின்னால வர்றாரா?"

எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. இரண்டு பேர் சொன்ன இரண்டையும் அப்படியே சொன்னேன். அக்கா முதலாவதை எடுத்துக்கொண்டாள். மாமாவின் அண்ணன், எல்லோரும் பெரியவர் என்று கூப்பிடுகிறவர், இரண்டாவதை எடுத்துக்கொண்டார்.

அதற்குக் காரணம் இருந்தது. குண்டுக்குப் பயந்து பட்டணத்துக்காரர்கள் எங்கள் பக்கம் குடிவந்துகொண்டிருந்தார்கள். ஒரு மர வியாபாரி அந்த நிலத்தைக் கிணற்றோடு கேட்டார். தம்பி உயிரோடிருந்தால் பாதி தம்பியுடையது, அவர் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது. செத்துவிட்டால், பிள்ளை இல்லாதவர் ஆனதால், முழுவதும் அண்ணனுடையது. அக்காவுக்கு ஒரு கவளச் சோறும் ஒரு மூலையும்தான் மிஞ்சும். அவள் கழுத்தில் தாலி இருக்கும்வரை அந்த நிலத்தில் பாதி இருந்தது. ஊருக்கே இது தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஆனால் பெரியவர் நினைத்தபடி உடனே காரியம் செய்துவிட முடியாது. உடம்பு கிடைக்காமல் காணாமல் போனவருக்குப் பன்னிரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வைக்கோலில் ஓர் ஆள் செய்து எரித்துக் கருமாதி பண்ணலாம். எங்கள் பக்கத்தில் அதுதான் முறை. அக்கா அந்தப் பன்னிரண்டு வருடத்தை நம்பி இருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் செங்குன்றம் ஏரியில் விமானம் இறங்க ஆரம்பித்தது. அதற்கு வயிறு படகு மாதிரி இருக்கும். தரையில் இறங்காது, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஏரியில் இறங்கி மிதக்கும். எங்கள் ஊருக்கு மேலே தாழ்வாகத் திரும்பிப் போகும்போது கூரை அதிரும். ஊர்ப் பெண்கள் பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தார்கள். கடலில் சண்டை நடப்பதால் ரங்கூன் கப்பல் வருவது நின்றுவிட்டது. இதுவும் படகுபோல் இருக்கிறது, தண்ணீரில்தான் இறங்குகிறது. ஆகவே இதுதான் ரங்கூன் கப்பல். கடலுக்கு மேலே பறந்து வந்து நம் ஏரியில் ஆளை இறக்கிவிட்டுப் போகிறது.

அப்படி இல்லை என்று நான் எத்தனையோ முறை சொன்னேன். அக்கா கேட்கவில்லை. விமானச் சத்தம் கேட்டால் உலையில் இன்னொரு படி அரிசியைப் போடுவாள். ஏரியிலிருந்து பாரிவாக்கத்துக்கு நடந்து வர எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது.

"இன்னாம்மே, மாப்ள எறங்கிட்டாரா?" என்று பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேல் எட்டிக் கேட்பாள்.

"எறங்கினா உனக்குத்தான் மொதல்ல சொல்லி அனுப்பறேன். நீதான் ஆரத்தி எடுக்கணும்."

"எடுக்கறேன், எடுக்கறேன். அதுக்குள்ள சோறு ஆறிப்பூட்டா எம் புள்ளைங்களுக்கு ஒரு தட்டு குடு."

மீந்த சோற்றை அந்தப் பிள்ளைகள்தான் சாப்பிட்டார்கள். பெரியவர் கொல்லையிலிருந்து, "ஊட்டு அரிசிய ஆகாசத்துக்குப் படைக்கறாப்பா" என்று யாரிடமோ சொல்வார்.

எனக்கும் வேலை வேண்டியிருந்தது. ஏரிக்கரையில் பட்டாளத்துக்காரர்கள் ஆள் எடுத்தார்கள். அம்பத்தூரில் ஒரு மேஸ்திரி மூலமாகச் சேர்ந்து, பெட்ரோல் பீப்பாய் உருட்டினேன். அங்கே வேலை செய்கிறேன் என்று தெரிந்ததும் அக்கா என்னை விடவில்லை.

"டேய், அந்தக் கப்பலு ரங்கூன்லேர்ந்து வர எத்தினி நேரம் ஆவும்னு கேட்டுகினு வாடா."

"அது ரங்கூன்லேர்ந்து வர்லக்கா."

"வந்தா எத்தினி நேரம்? அத கேளு. எந்த நேரத்துல கெளம்பினா இங்க எந்த நேரம்னு தெரிஞ்சா போதும். சும்மா சும்மா ஒல வெக்க வேணாம் பாரு."

அவள் நச்சரிப்புத் தாங்காமல் கேட்டேன். பண்டகசாலையில் ஒரு சட்டைக்காரர், பாதி வெள்ளைக்காரர், இருந்தார், எங்களோடு தமிழில்தான் பேசுவார். பீப்பாய்க்கு மூடி வாங்கப் போனபோது, ரங்கூனுக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்றேன்.

"இன்னா மேன், அங்க பொண்டாட்டி வெச்சிருக்கியா?"

"எங்க மாமா இருக்காரு சார்."

"மாமாவா? ஜப்பான்காரன் உம் மாமாவுக்கு டீ போட்டுக் குடுத்துகினு இருப்பான் மேன்."

சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. அதைத் தட்டிக் காட்டினார். நீலமாகக் கடல், ஓர் ஓரம் சென்னை, எதிர் ஓரத்தில் ரங்கூன். அளவுகோலை இரண்டுக்கும் நடுவில் வைத்துவிட்டுச் சொன்னார். "ஆயிரத்து நூறு மைல். நம்ம வண்டி கெழவி மாதிரி மெள்ளப் போவும். பத்து மணி நேரம் வெச்சிக்கோ. ஆனா அங்க எல்லாம் நம்ம வண்டி எறங்காது. கடல்மேல சுத்திட்டு வந்துடும். போய் வேலயப் பாரு."

நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது கடலுக்காகப் போட்ட படம். நான் நடந்து வந்த மலையும் காடும் ஆறுகளும் அதில் இல்லை. காகிதம் அதற்குக் கீழேயே முடிந்துவிட்டது. எங்கள் கூட்டம் நடந்த வழி, படத்துக்கு மேலே வெறும் சுண்ணாம்புச் சுவரில் எங்கோ இருந்தது. ஒரு பல்லி அங்கே உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பத்து மணி நேரம் என்றதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அவ்ளோதானா? காலைல கெளம்பினா ராச்சோத்துக்கு வந்துடலாமே" என்றாள். அங்கே இறங்காது என்று நான் சொன்ன பாதி அவள் காதில் விழவில்லை. தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். இரண்டு நாளில் அது பெரியவரின் காதுக்கும் போயிற்று.

அவருக்கு அதுதான் வேண்டியிருந்தது என்று எங்களுக்குத் தெரியாது. மாங்காட்டிலிருந்து பஞ்சாங்கக்காரரை வரவழைத்து, ஊரில் நாலு பெரிய மனிதர்களையும் கூப்பிட்டு, வீட்டு முற்றத்தில் பாய் விரித்தார். மாமா போய்ச் சேர்ந்திருந்தால் ஏதாவது செய்ய வேண்டும், ஆத்மா அலையக் கூடாது என்று ஆரம்பித்தார்.

பஞ்சாங்கக்காரர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. "பன்னெண்டு வருஷம் ஆகணும். ரெண்டு வருஷத்துல எப்படி?" என்றார்.

"சாமி, அந்தப் பன்னெண்டு வருசம் யாருக்கு எழுதனது? காசிக்கு நடந்து போனவனுக்கு எழுதனது. போறதுக்கு ரெண்டு வருசம், வர்றதுக்கு ரெண்டு வருசம், நடுவுல எங்கியாவது காய்ச்சல்ல கெடப்பான், எவளையாவது சேத்துக்குவான், அதுக்கு ஒரு எட்டு வருசம். இப்ப அப்படியா? நம்ம மச்சானக் கேளுங்க." என் பக்கம் திரும்பினார். "மச்சான், ரங்கூன்லேர்ந்து ப்ளேன்ல வர எத்தினி நேரம்?"

"பத்து மணி நேரம். ஆனா, அது அங்க..."

"ஆனா கீனா அப்பால. நேரத்த மட்டும் சொல்லு. பத்து மணி நேரம். கேட்டீங்களா சாமி? பன்னெண்டு வருசம் நடந்து போற தூரம் பத்து மணி நேரமா ஆயிப்போச்சி. அப்ப காத்திருக்கற காலமும் அதுக்குத் தக்கன கொறையுமா கொறையாதா?"

பாயில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர், "நாயமாத்தான் படுது" என்றார்.

அக்கா உள்ளே நிற்கவேண்டியவள். வெளியே வந்துவிட்டாள்.

"பத்து மணி நேரத்துல வர்றது யாருன்னும் கேளுங்க மாமா. எந் தம்பி ப்ளேன்லயா வந்தான்? அஞ்சு மாசம் நடந்தான். அவன் கால்ல நகம் கீதா பாருங்க."

"எங்க, காலக் காட்டு மாமே" என்று ஒருவர் சிரித்தார். நான் காலை இழுத்து வேட்டிக்குள் வைத்துக்கொண்டேன்.

பெரியவர் கோபப்படவில்லை. பொறுமையாகப் பேசினார். "சரிம்மா, நடந்தே வர்றான்னு வெச்சிக்க. அஞ்சு மாசம். ரெண்டு வருசத்துக்கு எத்தினி அஞ்சு மாசம்? நாலு தபா நடந்து வந்திருக்கலாமே."

"வந்தவன ஒருத்தன நீங்க பாக்கறீங்க. வழியில எந்த ஊர்லயாவது தங்கிட்டவன யாரு போய்ப் பாத்தீங்க? சண்ட முடியட்டும். கப்பலு வுடட்டும். அதுவரைக்கும் நான் உங்க சோறு திங்கல, எங்கியாவது கூலிக்குப் போறேன். இத மட்டும் செய்யாதீங்க."

"கூலிக்குப் போறேன்னு சொல்றா பாருங்க. நம்ம ஊட்டுப் பொண்ணு."

அதற்குப் பிறகு பேச்சு கூலிக்குப் போவது பற்றி ஆகிவிட்டது. குடும்ப மானம், ஊர்ப் பேச்சு என்று எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஜப்பான்காரன் கையில் இருக்கும் ஊரில் நம் விமானம் இறங்க முடியாது, இறங்கினாலும் மூட்டை தூக்குகிறவனை ஏற்றமாட்டார்கள் என்று நான் இரண்டு முறை சொன்னேன். மர வியாபாரியின் மைத்துனர் பாயில் உட்கார்ந்திருந்தார். "தம்பி, பெரியவங்க பேசறப்ப கொஞ்சம் சும்மா இரு" என்றார். கடைசியில் பஞ்சாங்கக்காரர், தேச காலம் என்று ஒன்று இருக்கிறது, அதை அனுசரிக்கலாம் என்றார். வரும் அமாவாசை குறிக்கப்பட்டது.

ஓர் ஆள் உயரத்துக்கு வைக்கோலைக் கட்டினார்கள். தலைக்கு ஒரு தேங்காய் வைத்து, அவருடைய கல்யாணச் சட்டையைப் போர்த்தினார்கள். பெரியவர்தான் கொள்ளி வைத்தார். வைக்கோல் என்பதால் சட்டென்று பற்றிக்கொண்டது. தேங்காய் வெடித்தபோது பக்கத்தில் நின்றவர்கள் பின்னால் ஓடினார்கள். மனிதன் எரிய எடுக்கும் நேரத்தில் கால்வாசிகூட ஆகவில்லை, குளிக்கப் போய்விட்டோம்.

கருமாதி அன்று எங்கள் ஊர் ஏரிக் கரையில் அக்காவைச் சுற்றி விதவைகள் உட்கார்ந்து தாலியில் கை வைக்கப் போனார்கள். "தொடாதீங்க" என்றாள். தானே கழற்றிப் பால் கிண்ணத்தில் போட்டாள். அழவில்லை என்பதால் அதையும் ஒரு குறையாகப் பேசினார்கள். அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோதே ஒரு விமானம் வடக்கே திரும்பித் தாழ்ந்து போயிற்று. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை. பிறகு வீட்டில் பெரிய சாப்பாடு. நானும் சாப்பிட்டேன், பசித்தது.

நிலம் அந்த மாதமே கைமாறியது. அக்காவுக்கு மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கினார்கள். அவள் ஒரு வாரம் இருந்துவிட்டு, நான் அம்பத்தூரில் குடியிருந்த குடிசைக்கு ஒரு பித்தளைக் குடத்தோடு வந்துவிட்டாள். ஆவடியில் பட்டாளத்துக்குக் கூடாரம் தைக்கும் கொட்டகை இருந்தது. பெண்களையும் எடுத்தார்கள். தடித்த துணி, மெழுகு நூல், உள்ளங்கை கிழிந்துவிடும். விடியற்காலம் ரயில் ஏறிப் போவாள், இருட்டினபின் வருவாள். கூலிக்குப் போகாதே என்று சொல்லப் பாரிவாக்கத்திலிருந்து யாரும் வரவில்லை. சண்டை நடந்த வருடங்கள் அப்படியே போயின.

சண்டை முடிந்து ஏரிக்கரை வேலை நின்றது, நான் வெளியூர் போகும் லாரிகளில் மூட்டை ஏற்றப் போனேன். ரங்கூனிலிருந்து மறுபடி கப்பல் விட்டார்கள். முதல் கப்பல் வருகிறது என்று கேள்விப்பட்டு, "வர்றியாக்கா, துறைமுகத்துக்குப் போய்ப் பாக்கலாம்" என்றேன்.

"கருமாதிச் சோறு தின்னவங்க போய்ப் பாக்கட்டும்" என்றாள்.

நான்தான் போனேன். காலையிலிருந்து வெயிலில் நின்றேன். இறங்கியவர்களில் பாதிப் பேருக்குச் செருப்பில்லை. துறைமுக வேலைக்காரர்களாகத் தெரிந்தவர்களை நிறுத்தி மாமாவின் பெயரைச் சொல்லி, அடையாளம் சொல்லிக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் மட்டும், ப்ரோம் பக்கம் நம் ஆட்கள் நிறையப் பேர் தங்கிவிட்டார்கள், சிலர் அங்கேயே பயிர் செய்கிறார்கள், இனிமேல்தான் ஒவ்வொருவராக வருவார்கள் என்றார். எத்தனை பேர், யார் யார் என்று கேட்டேன். அவருக்குப் பேசத் தெம்பில்லை. தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று திருப்பி என்னைக் கேட்டார்.

நான் திரும்பியபோது அக்கா வேலைக்குப் போகாமல் குடிசையில் இருந்தாள். உடம்பு சரியில்லை என்றாள். அந்த ஆள் சொன்னதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் கைத்தோலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"வந்திருந்தா எங்கடா இட்டுகினு போயிருப்ப?" என்றாள்.

"இங்கதான்."

"இங்க இட்டுகினு வந்து? என் கழுத்த அவுருக்கு இன்னான்னு சொல்லிக் காட்டுவ? ஊருக்குப் போனா அண்ணங்காரன் வாசல்லயே நிறுத்துவான். எரிச்சாச்சி, பேய்னு சொல்லுவான். நெலமும் போச்சி. செத்தவருக்கு ஊடு எதுடா?"

அவருக்கு நான் இருக்கிறேன், நீ இருக்கிறாய் என்று சொல்லியிருக்கலாம். அந்த மாதிரி பேசி எங்கள் இரண்டு பேருக்கும் பழக்கமில்லை.

"அடுத்த கப்பலுக்குப் போய்ப் பாக்கட்டுமா, வேணாமா?" என்று கேட்டேன்.

"நீ எப்பவும் எங்கியாவது போய்க்கினேதான் கீற. போ, போவாத, என்னிய ஏன் கேக்கற?" என்று எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

அடுத்த கப்பல் வந்தபோது நான் நாகபுரியில் ஆரஞ்சு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். அக்கா அன்றைக்குத் துறைமுகத்துக்குப் போனாளா என்று பிறகு நான் கேட்டதில்லை.